முகத்துக்கு ஊசியா, லேசரா? பணம் கட்டும் முன் ஆய்வுகளைப் படித்துப் பார்க்க குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில் செட்டிக்குளம் சந்திப்பிலிருந்து மார்த்தாண்டம் மேம்பாலம் வரை பஸ்ஸில் ஒரு தடவை போய் வாருங்கள். போடோக்ஸ், ஃபில்லர், லேசர், வெளுக்க வைக்கும் டிரிப் என்று தோல் அழகு சிகிச்சைக்கான போர்டுகள் வழியெங்கும் கண்ணில் படும். தக்கலைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் என்னிடம் வாடிக்கையாளர்கள் இதைப் பற்றிக் கேட்காத வாரம் கிடையாது. "அண்ணாச்சி, இந்த ஊசி நல்லதா?" என்பதுதான் கேள்வி.

அப்படிக் கேட்டால் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. ஆனால், "இதை யாருடைய தோலில் சோதித்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? முடிந்த பிறகு எத்தனை மாதம் பார்த்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறது. பெரும்பாலும் அது இலவசமாகவே கிடைக்கிறது, கொஞ்சம் ஆங்கிலமும் பொறுமையும் இருந்தால் நீங்களே படித்துக்கொள்ளலாம். முகத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

படி 1: முகத்தில் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"முகம் கறுத்துப் போச்சு" என்று வருகிறவர்களில் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. கன்னம், நெற்றி, மேலுதடு என்று இரண்டு பக்கமும் ஒரேபோலப் படர்வது மங்கு. ஆய்வுகளில் இதற்கு மெலாஸ்மா என்று பெயர். பரு ஆறிய இடத்தில் நிற்கும் கறுப்பு வேறு, பருவால் விழுந்த குழி வேறு. குழிக்குப் போடும் லேசரை மங்குக்குப் போட்டால் மங்கு இன்னும் கறுக்கக்கூடும். கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது பல நேரம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரையும் உடல் எடையும்தான். லேசருக்குப் பணம் கட்டுவதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று உண்டு, என் மனதை மிகவும் வருத்துவது. மங்குக்கும் பருவுக்கும் வெளுப்புக்கும் என்று பக்கத்து வீட்டார் சொன்ன கிரீமை மாதக்கணக்கில் தடவி வருகிறவர்கள். அந்தக் கலவைக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தடவத் தொடங்கிய முதல் வாரங்களில் முகம் பளபளக்கும். போகப்போகத் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் எரிகிறது என்று மறுபடியும் அதையே வாங்க வருவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள், எச்சரிக்கைப் பிரசாரமும் நடத்தினார்கள். 2018-ல் மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலில் கொண்டுவந்தது. சட்டம் வந்த பிறகும் இவை கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்டீராய்டால் பழுதான முகத்தில் பீலோ (அமிலம் தடவி மேல்தோலை உரிப்பது) லேசரோ செய்வது ஆபத்து. நீங்கள் தடவி வந்த டியூபை, காலியாகிவிட்டிருந்தாலும், மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இந்த முதல் படிக்குப் பணம் தேவையில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் புறநோயாளிச் சீட்டு போட்டால் நோயின் பெயர் தெரிந்துவிடும். அங்கே உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பெயரைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து வரும் தேடல் எல்லாம் அந்தப் பெயரை வைத்துத்தான்.

நிறம் கறுப்பாக இருப்பது நோயே இல்லை. பிறவி நிறத்தை மாற்றித் தருவதாக யாராவது சொன்னால், இந்த வழிகாட்டியின் மற்ற படிகளுக்கு வேலையே இல்லை. அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

படி 2: ஒவ்வொன்றும் உள்ளே என்ன செய்கிறது

போடோக்ஸிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்தத் துறையிலேயே அதிகமாக ஆராயப்பட்ட மருந்துகளில் அது ஒன்று. பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சை மிக மிக நுண்ணிய அளவில் தசைக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் நரம்பு முனையிலிருந்து வெளியே வருவதை அது தடுக்கிறது. கட்டளை வராததால் தசை சுருங்குவதில்லை, அதன் மேலிருக்கும் தோலும் மடிவதில்லை. 1989-ல் அமெரிக்காவின் மருந்து ஒப்புதல் அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி தந்தது மாறுகண்ணுக்கும் இமை துடிப்புக்கும்தான். வான்கூவரைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ், இமை துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவ நடுச் சுருக்கம் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலாஸ்டருடன் சேர்ந்து 1992-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். புருவ நடுச் சுருக்கத்துக்கு எஃப்.டி.ஏ. அனுமதி வந்தது 2002-ல்.

ஊசி போட்ட சில நாளில் வேலை தெரியத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். முகத்தை அசைக்கும்போது விழும் கோடுகளுக்குத்தான் இது. மங்குக்கும் நிறத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் யூனிட்டும் சமம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். "20 யூனிட்" என்றால், எந்தப் பெயருள்ள மருந்தின் 20 என்று கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு தசை நோய் உள்ளவர்களும் இந்தப் பக்கமே போகக்கூடாது.

ஃபில்லர் என்பது பள்ளத்தை நிரப்பும் ஜெல். இப்போது பெரும்பாலும் பயன்படுவது ஹையலூரானிக் அமிலம். இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: வேண்டாத இடத்தில் போய்விட்டால் ஹையலூரானிடேஸ் என்ற என்சைமைச் செலுத்திக் கரைத்துவிடலாம். நிரந்தர ஃபில்லருக்கும் சிலிக்கோன் திரவத்துக்கும் இந்த வழி கிடையாது. பெரிய ஆபத்து, ஜெல் ரத்தக் குழாய்க்குள் புகுவது. அப்படிப் புகுந்தால் அந்த இடத்துத் தோல் அழுகிப்போகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். இப்படிப் பார்வை பாதித்த 98 பேரின் விவரங்களை உலகம் முழுவதிலுமிருந்து திரட்டிய கட்டுரை ஒன்று 2015-ல் வந்தது. அதில் அதிகம் பேருக்கு ஊசி போட்டிருந்த இடங்கள் புருவ நடுவும் மூக்கும். இத்தனை கோடி ஊசிகளில் 98 சிறிய எண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூக்கைத் தூக்கிக் காட்ட ஃபில்லர் போடலாம் என்று சொல்லும் இடத்தில் இந்த எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

லேசருக்கு வருவோம். நம் ஊர்க்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். 1983-ல் ஆண்டர்சனும் பாரிஷும் சொன்ன ஒரு கொள்கை, இன்றைய தோல் லேசர்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. சரியான அலைநீளத்தை, சரியான நேர அளவில், சரியான சக்தியில் கொடுத்தால் குறிவைத்த பொருள் மட்டும் சூடாகி அழியும், சுற்றியிருப்பது தப்பும். முடியின் வேரிலுள்ள, கறுப்பு நிறம் தரும் மெலனினைக் குறிவைத்தால் முடி போகும். சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் நம் மேல்தோலிலும் நிறைய இருக்கிறது. முடியைத் தேடிப் போகும் ஒளியை அது வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. விளைவு தீக்காயம், கறுப்புத் தழும்பு, சில நேரம் வெள்ளைப் புள்ளி. கறுத்த தோலில் முடி நீக்க 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசரைப் பாதுகாப்பானது என்று சொல்வதற்குக் காரணம், அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாக உறிஞ்சும், ஒளியும் ஆழமாக இறங்கும் என்பதே. 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட்டை மெலனின் நன்றாக உறிஞ்சும். ஐ.பி.எல். என்பது லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. ஆகவே "லேசர் போடுகிறோம்" என்று சொன்னால் எந்த லேசர், எத்தனை நானோமீட்டர் என்று கேட்பது உங்கள் உரிமை.

குழித் தழும்புக்குப் போடும் ஃபிராக்ஷனல் லேசர் 2004-ல் வந்த யோசனை. தோல் முழுவதையும் சுடாமல் புள்ளி புள்ளியாகச் சுட்டு, இடையில் விட்ட நல்ல தோலிலிருந்து ஆற விடுவது. குழி முழுதாகப் போகாது, ஆழம் குறையும். நம் நிறத்தில் சில வாரமோ சில மாதமோ அந்த இடம் கறுத்து நிற்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லாதவரிடம் அதைச் செய்யாதீர்கள்.

கெமிக்கல் பீல் பழைய முறை. கிளைக்காலிக், சாலிசிலிக் அமிலங்கள் மேலோட்டமாக வேலை செய்யும், தேர்ந்த கையில் நம் தோலுக்கும் ஒத்துவரும். ஆழமாக இறங்கும் பீல் நம் நிறத்துக்கு ஆபத்தானது.

வெளுக்க வைக்கும் குளூட்டாதயோன் டிரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோலை வெளுக்க என்று ஊசியாகப் போடும் எந்த மருந்துக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒப்புதல் தரவில்லை. இந்த ஊசி பரவலாக இருந்த பிலிப்பைன்ஸில் அந்நாட்டு எஃப்.டி.ஏ. 2011-லேயே எச்சரிக்கை வெளியிட்டது. தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை, தைராய்டு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. கல்யாணப் பெண்களுக்கு இதைப் 'பேக்கேஜ்' ஆக விற்கிறார்கள். வேண்டாம்.

ரத்தத்தை எடுத்துச் சுழற்றி முகத்தில் ஊசிமுனைகளால் செலுத்தும் பி.ஆர்.பி. முறையில் சுத்தம்தான் எல்லாம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இதைச் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. பரவியதை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. உங்களுக்கான ஊசி, உங்களுக்கான டியூப், உங்கள் கண் முன்னால் பிரித்தது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

படி 3: எங்கே தேடுவது

கூகுளில் தேடினால் முதலில் வருவது விளம்பரம். அதைத் தாண்டிப் போங்கள். பப்மெட் என்ற தளத்தில் மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்கள் எல்லாருக்கும் இலவசம். கட்டுரை முழுதும் இலவசமாகக் கிடைப்பதை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதியும் அதில் உண்டு. முதல் படியில் எழுதி வாங்கிய நோயின் பெயர், சிகிச்சையின் பெயர், 'இந்தியா' என்ற சொல், இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். 'இந்தியா' என்று போடுவது ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

இந்தியத் தோல் மருத்துவர் சங்கமான ஐ.ஏ.டி.வி.எல்.லின் இதழ் ஐ.ஜே.டி.வி.எல். இணையத்தில் திறந்தே கிடக்கிறது. லேசருக்கும் போடோக்ஸுக்கும் ஃபில்லருக்கும் யார் செய்யலாம், அறை எப்படி இருக்க வேண்டும், ஒப்புதல் படிவத்தில் என்ன இருக்க வேண்டும் என்று அவர்கள் வெளியிட்ட தரநிலை வழிகாட்டுதல்கள் அதில் கிடைக்கும். என்னிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் இவற்றைத்தான் படிக்கச் சொல்வேன். நம் நாட்டு மருத்துவர்கள், நம் நாட்டு நோயாளிகளை மனதில் வைத்து எழுதியவை.

காக்ரேன் என்ற அமைப்பு ஒரே கேள்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, தரம் பார்த்து, சேர்த்து எழுதும். ஒவ்வொன்றிலும் சாதாரண ஆட்களுக்காக எளிய மொழிச் சுருக்கம் இருக்கும். சி.டி.ஆர்.ஐ. என்பது இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு. 2009 ஜூன் முதல் இங்கே நடக்கும் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே அதில் பதிய வேண்டும். "எங்கள் கிளினிக்கில் ஆய்வு நடக்கிறது, பாதி விலைக்குச் செய்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான ஆய்வு என்றால் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருக்கும்.

படி 4: கட்டுரையைக் கையில் எடுத்ததும்

முடிவுரையை முதலில் படிக்காதீர்கள். 'முறை' என்ற பகுதிக்குப் போங்கள், அங்கே யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்.

தோலின் நிறத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் எல்லாக் கட்டுரையிலும் வரும். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் அதை உருவாக்கியபோது அதில் நான்கு வகைதான் இருந்தது, நான்கும் வெள்ளைக்காரர்களின் தோலுக்கு. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்று பிறகுதான் சேர்த்தார்கள். நம்மில் பெரும்பாலோர் நான்கிலும் ஐந்திலும் வருவோம். ஒரு லேசர் ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒன்று முதல் மூன்று வகை என்றால், அந்த முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு அது பாதிப் பதில்தான். பலன் அதேபோல வரலாம். பக்கவிளைவு அதேபோல இருக்கும் என்று சொல்ல முடியாது. 'இந்தியா' என்று சேர்த்துத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது ஒப்பீடு. சிகிச்சை பெறாத இன்னொரு குழு இருந்ததா? யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்தார்களா? முகத்தின் ஒரு பாதிக்கு ஒன்று, மறு பாதிக்கு மற்றொன்று என்று செய்த ஆய்வு தோல் விஷயத்தில் நல்லது. இரண்டு பக்கமும் ஒரே ஆள், ஒரே வெயில், ஒரே சாப்பாடு. எந்தப் பக்கத்துக்கு எது போட்டார்கள் என்று தெரியாத ஒருவர் மதிப்பெண் போட்டிருந்தால் இன்னும் நல்லது. தெரிந்தவரே மதிப்பெண் போட்டால் கண் தன்னையறியாமல் சாயும்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மங்குக்கு மாசி என்ற அளவுகோல் இருக்கிறது, 0 முதல் 48 வரை. ஒரு பேச்சுக்கு, சராசரி 12-லிருந்து 10-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஆள் எண்ணிக்கை போதுமான அளவு இருந்தால் 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது' என்று எழுதிவிடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த இரண்டு புள்ளி உங்கள் கண்ணாடியில் தெரியுமா? அதனால் நோயாளிகளே எவ்வளவு திருப்தி என்று சொன்னார்கள் என்ற வரியையும் தேடிப் பிடியுங்கள்.

பிறகு காலம். மங்கு விஷயத்தில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. குறைந்த சக்தியில் கியூ ஸ்விட்ச்டு என்.டி.யாக் லேசரைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதை லேசர் டோனிங் என்பார்கள். கடைசி அமர்வு முடிந்த வாரத்தில் படம் எடுத்தால் முகம் தெளிந்திருக்கும். சில மாதம் கழித்துப் பார்த்த ஆய்வுகளில் மங்கு திரும்பி வருவது சாதாரணமாகப் பதிவாகியிருக்கிறது. அதிக அமர்வு எடுத்தவர்கள் சிலருக்கு மழைத்தூறல் போல வெள்ளைப் புள்ளிகள் விழுந்ததும் பதிவாகியிருக்கிறது. கடைசிச் சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதமாவது பார்க்காத மங்கு ஆய்வை நான் நம்புவதில்லை. இது என் கறார்.

பணம் கொடுத்தது யார், எழுதியவர்களுக்கு அந்த நிறுவனத்தோடு என்ன தொடர்பு என்பது கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும். நிறுவனம் பணம் கொடுத்ததாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் எதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் பணத்தின் கை தெரியும். பாதியில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்பதையும் பாருங்கள். எரிச்சல் தாங்காமல் போனவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் திருப்தியாகத்தான் தெரிவார்கள்.

இரண்டு உதாரணம். முகச் சுருக்கத்துக்கு பாட்டுலினம் ஊசி பற்றி 2021-ல் காக்ரேன் வெளியிட்ட தொகுப்பில் 65 ஆய்வுகள், சேர்ந்தவர்கள் 14,919 பேர். நான்காவது வாரத்தில் மருந்து இல்லாத வெற்று ஊசியைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பதும், இமை தொங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் அதில் வருகின்றன. மங்கு பற்றி 2010-ல் அதே காக்ரேன் திரட்டியபோது கிடைத்தவை 20 ஆய்வுகள், 2,125 பேர், 23 விதமான சிகிச்சைகள். ஒன்றோடொன்று சேர்த்துக் கணக்குப் போடவே முடியாத அளவுக்கு ஆய்வுகள் வேறுபட்டன, தரமும் குறைவு. ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், லேசான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம், ஹைட்ரோகுயினோன் தனியாக இருப்பதைவிட மேல் என்று தெரிந்தது. அதையும் மருத்துவர் பார்வையில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தடவ வேண்டும். நம் ஊரில் அதிகம் பேரைத் துன்புறுத்துவது சுருக்கம் அல்ல, மங்குதான். வலுவான ஆய்வு இருப்பதோ சுருக்கத்துக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு கிளினிக் வாசல்படி ஏறுங்கள்.

ஆய்வு மாறும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் எந்த லேசரும் பீலும் செய்யக்கூடாது என்பது நெடுங்காலமாக விதியாக இருந்தது. 2017-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்றும் இந்திய நிபுணர்களும் ஆதாரங்களைத் திரும்பப் பார்த்து, மேலோட்டமான பல சிகிச்சைகளுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். முகம் முழுதும் தோலைச் சீவும் சிகிச்சைகளுக்கு அமெரிக்கக் குழு அந்தத் தளர்வைத் தரவில்லை. உங்கள் மருத்துவர் ஒன்றைச் சொன்னால் எந்த ஆண்டு வழிகாட்டுதல் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

படி 5: படித்ததை நம் வெயிலில் வைத்துப் பாருங்கள்

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரி. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கனடாவிலோ கொரியாவிலோ செய்த லேசர் ஆய்வில் "நோயாளிகள் வெயிலைத் தவிர்த்தார்கள்" என்று ஒரு வரி இருக்கும். குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் எடுக்கும் அக்காவுக்கும், முட்டத்தில் வள்ளத்தில் போகிறவருக்கும், தோவாளையில் பூப்பறிப்பவருக்கும் அந்த ஒரு வரியைக் கடைப்பிடிக்க முடியுமா? முடியாதென்றால் அந்த ஆய்வின் பலனும் அவர்களுக்கு அப்படியே வராது. லேசருக்குப் பின் சில வாரம் வெயிலில் நிற்காமல் இருக்க முடியாத வேலை உங்களுடையது என்றால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் விடியலிலேயே வேலையைத் தொடங்கிவிடுவதால் அவர்களுக்கு நிலைமை கொஞ்சம் தேவலாம்.

மங்கு உள்ளவர்கள் முதலில் செலவழிக்க வேண்டியது சன்ஸ்கிரீனுக்கு. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். அதைத் தடுக்க இரும்பு ஆக்ஸைடு கலந்த, நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் உதவும். மணவாளக்குறிச்சி மணலிலிருந்து மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரித்தெடுக்கும் இல்மனைட், ரூட்டைல் என்ற கனிமங்கள் டைட்டானியம் டை ஆக்ஸைடுக்கு மூலப்பொருள். சன்ஸ்கிரீனில் கதிரைத் தடுக்கும் பொருட்களில் டைட்டானியம் டை ஆக்ஸைடும் ஒன்று. மூலப்பொருள் நம் கரையிலேயே கிடக்க, கடற்கரை வேலைக்காரருக்கு ஒரு டியூப் வாங்குவது பாரமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு முறை பில் போடும்போதும் தோன்றும். வாங்க முடியாதவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பி, குடை, முகத்தை மூடும் பருத்தித் துணி. இவையும் உண்மையான சிகிச்சைதான்.

கல்யாணக் கணக்கு ஒன்று. மாப்பிள்ளை கல்ஃபிலிருந்து ஒரு மாத லீவில் வருவார், நாள் குறித்ததும் பெண்ணை கிளினிக்குக்குக் கூட்டிப் போவார்கள். லேசர், பீல் எதுவும் அந்த அவசரத்துக்கு ஒத்துவராது. தழும்புக்கு லேசர் வேண்டுமானால் பல மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஊசி என்றால் ஒரு மாதமாவது முன்னால், வீக்கமோ கோணலோ வந்தால் சரிசெய்ய நேரம் இருக்க வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் முகத்தில் புதிதாக எதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

படி 6: ஆளையும் இடத்தையும் சரிபார்ப்பது

எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். அல்லது டி.என்.பி. தோல் மருத்துவம் படித்தவரே தோல் மருத்துவர். சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று எழுதிக்கொள்வது தோல் மருத்துவப் படிப்பு ஆகாது. மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு, தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள். கிளினிக்குக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அங்கே மருத்துவரின் பதிவும் புகார் செய்யும் இடமும் கேரளத்தைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வையுங்கள்.

நேரில் போனால் கேட்க வேண்டியவை சில. ஊசி போடப்போவது யார், மருத்துவரா உதவியாளரா? என்னைப் போன்ற நிறத்தில் செய்த ஆட்களின் படம், ஆறு மாதம் கழித்து எடுத்தது, இருக்கிறதா? படம் பார்க்கும்போது வெளிச்சத்தையும் முகம் திரும்பிய கோணத்தையும் கவனியுங்கள். முன் படத்தில் நிழலும் பின் படத்தில் வட்ட விளக்கும் இருந்தால் அது விளக்கின் பலன். ஃபில்லர் என்றால், ஹையலூரானிடேஸ் இப்போது இந்த அறையில் இருக்கிறதா, எடுத்துக் காட்ட முடியுமா? லேசர் என்றால் காது ஓரத்திலோ தாடைக்குக் கீழோ சிறு இடத்தில் சோதனை செய்து சில வாரம் பார்த்துவிட்டு முகத்துக்கு வருவீர்களா? கண்ணுக்குக் கவசம் எங்கே?

மருந்துக்கடைக்காரனாக நான் அழுத்திச் சொல்வது குப்பி பற்றி. பாட்டுலினம் மருந்துகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஃபிரிட்ஜுக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். குப்பியை உங்கள் முன் திறக்கட்டும். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போலிப் போடோக்ஸ் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2024-ல் அமெரிக்காவே எச்சரிக்கை விட்டது. அங்கேயே அப்படி என்றால் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பில் தர மறுத்தால் ஊசியும் வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

படி 7: செய்த பிறகு

கொஞ்சம் வீக்கம், சிவப்பு, ஊசி இடத்தில் நீலம் எல்லாம் சில நாளில் போகும். ஆனால் ஃபில்லர் போட்டதும் தாங்க முடியாத வலி, தோல் வெளுத்துப்போவது, வலை பின்னியது போல நீலம் படர்வது, பார்வை மங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். போட்ட மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். பார்வை சம்பந்தப்பட்டது என்றால் 108-ஐக் கூப்பிட்டுக் கண் மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், நிமிடம்தான் கணக்கு. போடோக்ஸுக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றாலும் இதே அவசரம்தான். லேசருக்குப் பின் கொப்புளம் வந்தால் பற்பசை, மஞ்சள் எதுவும் பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கெட்ட விளைவு வந்தால் அதைப் பதிவு செய்யுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியே சொல்லலாம். கிளினிக் மேல் புகார் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், மருத்துவர் மேல் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில். நம் நிறத் தோலில் என்ன நடக்கிறது என்ற கணக்கு ஆய்வு இதழ்களில் குறைவாக இருப்பதற்கு, பாதிக்கப்பட்டவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடுவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புகார் எழுதும்போது மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் சிகிச்சை நடந்த தேதியும் கேட்பார்கள். குப்பியின் படத்தையும் பில்லையும் குறைந்தது ஒரு வருடம் அழிக்காமல் வைத்திருங்கள்.